இரவு, நாலுவழிச் சாலை, வலது பின் டயர் பஞ்சர்: நான் எங்கே தவறினேன்?

செங்கை_வாசி
வணக்கம். போன சனிக்கிழமை திருச்சியில் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு இரவோடு இரவாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் நான், மனைவி, அம்மா, ஏழு வயது மகள். உளுந்தூர்பேட்டை தாண்டியாயிற்று, விழுப்புரம் இன்னும் வரவில்லை, மணி பத்தே முக்கால் இருக்கும். பின்பக்கம் லேசாக ஆட்டம் கொடுத்தது. சாலைதான் சரியில்லை போல என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அப்புறம் தடதடவென்று சத்தம் வந்ததும் இடது ஓரம் ஒதுக்கி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் வலது பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதாவது வண்டிகள் பாய்ந்து போகிற பக்கம்.

பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இதற்கு முன் டயர் மாற்றியது இரண்டே முறை, இரண்டும் பகலில், வீட்டுத் தெருவில். நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். தூக்கிய பிறகு நட்டைக் கழற்றப் போனால் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். இரண்டு நட் இளகியது. மூன்றாவதை மிதிக்கும்போது வண்டி முன்னால் நகர்ந்து, ஜாக்கி சாய்ந்து, பொத்தென்று இறங்கிவிட்டது. டயரை இன்னும் கழற்றவில்லை என்பதால் வண்டி டயரின் மேலேயே உட்கார்ந்தது. ஜாக்கி என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித் தெறித்து விழுந்தது. அம்மாவும் மகளும் அப்போது வண்டிக்குள்தான் இருந்தார்கள்.

நல்லவேளையாகப் பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் ஒதுங்கி நிறுத்தி, இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "ஏன் சார் இந்த இடத்துல நிறுத்துனீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு நாளாக அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

சேலம்_பட்டறை
யாருக்கும் அடிபடவில்லையே, அது போதும். நான் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்தீர்களா? கியர் எதில் இருந்தது? ஜாக்கி தார் மேல் இருந்ததா, மண் மேல் இருந்ததா?

செங்கை_வாசி
ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தேன் அண்ணே. ஆனால் அது கொஞ்ச நாளாகவே லூஸ், பட்டறையில் காட்ட வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கியர் நியூட்ரல். ஜாக்கி தார் மேல்தான் இருந்தது. வண்டியின் இடது பாதிதான் மண்ணில்.

சேலம்_பட்டறை
அப்போது நடந்ததைப் புரிந்துகொள்வது எளிது.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். நீங்கள் வலது பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டீர்கள். மிச்சம் இடது பின் சக்கரம் ஒன்றுதான், அதையும் லூஸான பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் மண்ணில் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டும் நியூட்ரலில் சும்மா உருளத் தயாராக இருக்கின்றன. அந்த நிலையில் ஓர் ஆள் முழு எடையோடு ஸ்பேனரை மிதித்தால் வண்டி நகராமல் என்ன செய்யும்? முதல் கியரில் போட்டிருந்தால் முன் சக்கரங்களை இன்ஜின் பிடித்திருக்கும். ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

முன் சக்கரம் பஞ்சரானால் கதை வேறு, இதைப் பல பேர் கவனிப்பதில்லை. முன் சக்கரத்தைத் தூக்கியதும் கியர் போட்டிருந்தாலும் பிடிப்பு இருக்காது. நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது, தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்றினால் தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப் பக்கம் சுற்றிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி'-யில் போட்டுவிட்டேன், இனி அசையாது என்று நம்புகிறவர்களுக்கும் இதேதான். அந்த நேரத்தில் வண்டியைப் பிடிப்பது ஹேண்ட் பிரேக்கும் முட்டுக்கல்லும் மட்டும்தான். அதனால் எந்தச் சக்கரம் என்று யோசிக்கவே வேண்டாம். ஹேண்ட் பிரேக், கியர், முட்டு மூன்றும் எப்போதும் வேண்டும். முட்டு வைப்பது பஞ்சரான டயருக்குக் குறுக்கே இருக்கும் மூலைச் சக்கரத்துக்கு, வலது பின் என்றால் இடது முன், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று.

அடுத்தது வரிசை. நட்டை முதலில் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட வேண்டும், கழற்றக் கூடாது, இளக்கினால் போதும். பலத்தைக் காட்டுகிற வேலை எல்லாம் அத்தோடு முடிந்துவிட வேண்டும். தூக்கிய பிறகு கையால் திருகி எடுக்கிற அளவுக்குத்தான் வேலை மிச்சம் இருக்கலாம். மாட்டும்போதும் அப்படியே. காற்றில் கையாலும் லேசான ஸ்பேனர் பிடியாலும் உட்கார வைத்து, இறக்கிய பிறகுதான் இறுக்கம். ஒன்றை முடித்ததும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர் நட்டுக்குப் போக வேண்டும், அப்போதுதான் வீல் கோணாமல் சமமாக உட்காரும்.

ஜாக்கி வைக்கும் இடம்: கதவுக்குக் கீழே பாடி ஓரத்தில் ஒரு தகட்டு விளிம்பு ஓடும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், அந்த விளிம்பில் இரண்டு வெட்டுக்குறி இருக்கும். ஜாக்கி தலையின் பள்ளம் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும், இல்லையென்றால் ஜாக்கி வழுக்கும்.

அப்புறம், உள்ளே ஆள் இருக்கும்போது வண்டியைத் தூக்கவே கூடாது. அம்மா லேசாகத் திரும்பி உட்கார்ந்தாலே ஜாக்கியில் அது தெரியும்.

நாமக்கல்_ஓட்டுநர்
தம்பி, பட்டறைக்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த லாரிக்காரர் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் 31 வருடம் லாரி ஓட்டினேன். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், ரோட்டில் டயர் மாற்றுவது எங்களுக்குச் சோறு தின்பது மாதிரி. அப்படிப்பட்ட எங்களிலேயே எத்தனை பேர் டயர் மாற்றும்போது போயிருக்கிறார்கள் தெரியுமா? ஜாக்கி விழுந்து அல்ல. பின்னால் வந்த வண்டி மோதி. என்னோடு நான்கு வருடம் ஓடிய கிளீனர் பையன், 24 வயது, விடியற்காலை நாலரை மணிக்கு வலது பக்க டயருக்குக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவன், எழுந்திருக்கவில்லை. இடித்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். நான் அந்த நேரம் இடது பக்கம் கல் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன். டயர் போனதும் முதல் கேள்வி எப்படி மாற்றுவது என்பதல்ல, எங்கே போய் நிறுத்துவது என்பதுதான். நீ நின்ற அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற தார்ப் பட்டை பல இடங்களில் ஒன்றரை மீட்டர்தான். உன் காரே 1.7 மீட்டர் அகலம். இடது பாதியை மண்ணில் இறக்கியும் வலது டயருக்குப் பக்கத்தில் நீ உட்காரும்போது உன் முதுகு ரோட்டுக்குள்தான் இருந்திருக்கும். 100 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் தாண்டும். நீ தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அது உன்னைக் கடந்துவிட்டது என்று அர்த்தம், கடந்திருந்தால்.

காற்று இறங்கிவிட்டாலும் வண்டி ஓடும். இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, 15 கி.மீ.க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டே போ. பெட்ரோல் பங்க், டீக்கடை, சர்வீஸ் ரோடு இறக்கம், லாரிகள் ஒதுங்கி நிற்க விட்டிருக்கும் இடம், எது முதலில் வருகிறதோ அங்கே திரும்பு. டயர் போனால் போகட்டும்.

புதுவைக்காரன்
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். காற்றில்லாத டயரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலே பக்கச் சுவர் உள்ளே அரைபட்டு டயர் குப்பைக்குப் போய்விடும். சின்ன ஆணி என்றால் 150, 200 ரூபாயில் முடிகிற பஞ்சர், ஐந்தாறு ஆயிரம் ரூபாய் டயர் செலவாக மாறும். அலாய் வீல் என்றால் ரிம்மும் விளிம்பில் அடிபடும். எல்லோராலும் அவ்வளவு செலவு செய்ய முடியாது. எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு, ஒருவர் பின்னால் நின்று டார்ச் காட்டினால் அங்கேயே மாற்றலாமே?

நாமக்கல்_ஓட்டுநர்
தம்பி, செலவு எனக்கும் தெரியும். லாரி டயர் விலை என்ன என்று கேட்டுப் பார். ஆனாலும் சொல்கிறேன்.

பகல், நேர் ரோடு, இடது பக்க டயர், பக்கத்தில் நல்ல மண் ஓரம் என்றால் அங்கேயே முழுசாக மண்ணில் இறக்கி மாற்று, தப்பில்லை. வலது பக்கம் என்றாலோ, இரவு என்றாலோ, வளைவு, பாலம், மேம்பால இறக்கம் என்றாலோ நிற்காதே. பாலத்தில் ஓரமே கிடையாது. வளைவில் வருகிறவனுக்கு நீ தெரிய மாட்டாய். டார்ச் காட்டுகிற ஆளை நீ ரோட்டில் நிறுத்தினால் இரண்டாவது ஆளையும் அதே ஆபத்தில் நிறுத்துகிறாய்.

உருட்டவும் முடியாது, டயர் கிழிந்து ரிம் தரையில் தேய்கிறது, போக இடமில்லை என்றால் மாற்றவே மாற்றாதே. எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, ஓரத் தடுப்புக்கு வெளியே, வண்டிக்கு முன்னால் அல்ல, பின்பக்கமாகத் தள்ளி நிற்க வை. வண்டியை யாராவது இடித்தால் அது முன்னால்தான் தூக்கி எறியப்படும். அப்புறம் 1033 போடு.

மீன்சுருட்டி_மகன்
1033 தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். எந்த ஊர், எந்தத் திசை என்பதோடு ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து எண்ணையும் சொன்னால் ரோந்து வண்டி தேடாமல் வரும். அடிபட்டிருந்தால் 108, மற்ற அவசரத்துக்கு 112. மாநில நெடுஞ்சாலையில் நிற்கிறவர்கள் 112 கூப்பிடுங்கள்.

செங்கை_வாசி
நாமக்கல் ஐயா, இதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது, டயர் மாற்றிய பிறகு அதைத் தாண்டித்தான் வந்தோம்.

முக்கோணம் வைத்தேன், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். வண்டிக்குப் பின்னால் ஐந்தாறு அடியில்.

சேலம்_பட்டறை
ஐந்தாறு அடியில் வைத்தால் அது உங்கள் டெயில் லாம்புக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு, அவ்வளவுதான். குறைந்தது 50 மீட்டர், நாலுவழிச் சாலையில் 100 மீட்டர். எண்ணி நடந்தால் 70 எட்டு சுமார் 50 மீட்டர். 100 மீட்டரில் வைத்தாலும் 100 கி.மீ.யில் வருகிறவருக்கு மூன்றரை நொடிதான் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வைக்கப் போகும்போது ஓரத் தடுப்புக்கு வெளியே, முகம் வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள், முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனால் நீங்களும் தெரிவீர்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும்.

நம் ஊரில் ஓரப் பட்டையில் எதிர்த்திசையில் பைக்கில் வருகிறவர்கள் உண்டு, அதையும் மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாளையம்_அக்கா
நான் வாரம் இரண்டு முறை கோத்தகிரிக்குத் தனியாக ஓட்டிப் போகிறேன், பள்ளி வேலை. ஒருமுறை பஞ்சர் ஆகி நட்டை அசைக்கக்கூட முடியவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து, வழியில் போன ஒருவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் நல்லவர், ஆனால் எப்போதும் நல்லவர்தான் வருவார் என்று நம்பி மலைச் சாலையில் நிற்க முடியாது. 52 கிலோ எடை இருக்கிறேன். எனக்கு இது முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்கள். இன்னொன்று, சரிவில் எப்படித் தூக்குவது?

சேலம்_பட்டறை
கண்டிப்பாக முடியும் மேடம். கணக்காகவே சொல்கிறேன்.

சின்னக் கார்களுக்கு நட்டின் இறுக்கம் சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். வண்டியோடு வரும் எல் ஸ்பேனர் கால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் 40 கிலோ அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். உங்கள் எடைக்கு அது முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் அல்ல, கடைசியாக நட்டை இறுக்கியவர். பஞ்சர் கடைகளில் காற்று கன் வைத்து டர்ர்ரென்று பிடித்துவிடுகிறார்கள், சில நேரம் சரியான இறுக்கத்தைப் போல இரண்டு மடங்கு போய்விடும். 200 நியூட்டன் மீட்டரை அந்த ஸ்பேனரில் இளக்க 80 கிலோ அழுத்தம் வேண்டும். திடகாத்திரமான ஆம்பிளைக்கே அது கஷ்டம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, கடையில் கன்னால் லேசாக ஓட்டிவிட்டு கடைசி இறுக்கத்தைக் கை ஸ்பேனரால் போடச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பக்கத்தில் நின்று வாங்குங்கள். இரண்டாவது, ஸ்பேனர் பிடி உள்ளே நுழைகிற மாதிரி 60 சென்டிமீட்டர் இரும்புப் பைப் ஒன்று டிக்கியில் போட்டுவையுங்கள். பிடியின் நீளம் 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் அதே 200-க்கு 34 கிலோ போதும். ஸ்பேனர் பிடி இடது பக்கம் நீட்டி நிற்கிற மாதிரி மாட்டி, மேலிருந்து கீழே அழுத்துங்கள், அதுதான் கழற்றும் திசை. மெல்ல எடையைக் கொடுங்கள். ஏறிக் குதிக்க வேண்டாம், நட் மாட்டுகிற ஸ்டட் முறியும், ஸ்பேனர் வழுக்கினால் கணுக்காலும் போகும். இந்தப் பைப் இளக்க மட்டும்தான், இறுக்குவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சரிவுக்கு என் பதில்: தூக்காதீர்கள். கோத்தகிரி சாலையில் ஏதாவது ஒரு வளைவில் சமதளமான அகலம் கிடைக்கும், அங்கே உருட்டிக்கொண்டு போங்கள். ஜாக்கி என்பது நேர் மேலே தூக்க மட்டும் செய்த கருவி, பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது.

மேட்டுப்பாளையம்_அக்கா
நன்றி சார். பைப் வாங்கிவிட்டேன். நாளை பள்ளி மைதானத்தில் ஒரு தடவை செய்து பார்க்கப் போகிறேன்.

ஓஎம்ஆர்_பேட்டரிவண்டி
என் வண்டியில் ஸ்டெப்னியே கொடுக்கவில்லை. ஒரு பாட்டில் திரவமும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான். விற்பனையாளர் இதெல்லாம் சட்டப்படி சரிதான் என்றார். உண்மையா? அந்த இரவு இவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்வது?

மீன்சுருட்டி_மகன்
உண்மைதான். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை.

ஆனால் பயப்பட வேண்டாம், ஆணி ஏறிய பஞ்சரில் உங்கள் கிட் ஸ்டெப்னியைவிட நல்லது என்றே சொல்வேன். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் அதைப் பிடுங்காதீர்கள், அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று மெதுவாகத்தான் இறங்கும். டேஷ்போர்டில் அழுத்தம் குறைவதைக் காட்டியதும் முதலில் வருகிற பங்கில் ஒதுங்கி, மோட்டாரால் 33, 35 பிஎஸ்ஐ ஏற்றி, பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். ஜாக்கியே வேண்டாம், ரோட்டுப் பக்கம் பத்து நிமிடம் குத்தவைத்து உட்காரவும் வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவே ஸ்டெப்னி இருக்கிற வண்டியிலும் ஒரு காற்று மோட்டார் வைத்துக்கொள்வது நல்லது. திரவம் ஊற்றினால் கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள், உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் மட்டும் எதுவும் உதவாது, தூக்கிப் போகும் வண்டிதான்.

ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் இந்த மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அப்போது கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. அந்தத் தெருவின் பெயர் இங்கே நம் வாயில் நிற்கிறது.

புதுவைக்காரன்
நாமக்கல் ஐயா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அலாய் வீல் பற்றிக் கவலைப்பட்டது சரியில்லை. அலாய் போட்டவர்களுக்கு ஒன்று மட்டும்: திருட்டுக்குப் பயந்து ஒரு சக்கரத்துக்கு ஒரு லாக் நட் போட்டிருப்பார்கள். அதற்கான சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். என்னுடையது வீட்டு மேஜை டிராயரில் இருந்தது.

நாமக்கல்_ஓட்டுநர்
நல்லது தம்பி.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதவில்லை. முக்கோணம் இல்லாதவர்கள் பின்னால் பெரிய கல்லையும் மரக்கிளையையும் வரிசையாக வைப்பார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பைக்கில் புருஷன் பெண்டாட்டி பிள்ளையோடு வருவான், அவன் விளக்கில் அந்தக் கல் தெரியாது. மண்டையில் அடிபட்டுக் கிடந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். அந்தக் கல்லை வைத்தவன் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. உன் சக்கரத்துக்கு முட்டு வைத்த கல்லும் அப்படித்தான். எடுத்து ஓரத் தடுப்புக்கு வெளியே எறிந்துவிட்டு வண்டியில் ஏறு. அது முடிந்த பிறகுதான் வேலை முடிந்தது.

கல்லுக்குப் பதில் வண்டியிலேயே இரண்டு மரக்கட்டை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. சொந்தக் கட்டையை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

செங்கை_வாசி
இன்று ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி முதலிலிருந்து செய்து பார்த்தோம். மனைவிதான் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். நேரம் 35 நிமிடம். கண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அன்று இரவு மாட்டிய ஸ்டெப்னியில் காற்றைப் பார்த்தேன், 17 பிஎஸ்ஐ. அதில்தான் செங்கல்பட்டு வரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படித்தேன், 1416, அதாவது 2016-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரம் செய்த டயர். பெரும்பாலும் டிக்கிக்குள்ளேயே கிடந்தது. மாற்றிவிடப் போகிறேன். வேறு வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னி மற்ற டயரைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம், 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, காற்றும் அதிகம் வேண்டும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. அதன் மேலேயே எழுதியிருக்கிறது. என் தம்பி வண்டியில் அப்படித்தான், அவனுக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

மனைவி செய்யும்போது வீல் கழன்று வரவில்லை, நட் எல்லாம் எடுத்த பிறகும் ஹப்பில், அதாவது வீல் உட்காரும் அச்சுத் தலையில், ஒட்டிக்கொண்டது. அவர் டயரின் பக்கத்தைக் குதிகாலால் உதைக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன், வண்டி ஜாக்கியில் நிற்கிறதே என்று பயம். பட்டறை அண்ணே, இதற்கு என்ன செய்வது?

சேலம்_பட்டறை
தடுத்தது சரி. துரு பிடித்து ஒட்டியிருக்கும், மழை பார்த்த வண்டிகளில் சாதாரணம். நட் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, முழுதாக இறுக்காமல் ஒரு சுற்று லூஸாக விட்டு, ஜாக்கியை இறக்குங்கள். வண்டி எடை விழுந்ததும் பெரும்பாலும் டக்கென்று விட்டுவிடும். விடவில்லை என்றால் அந்த நிலையிலேயே ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால், அவ்வளவு மட்டும் நகர்த்துங்கள். விட்டதும் திரும்பத் தூக்கிக் கழற்றலாம். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டின் கூம்பு முகம் வீலைப் பார்த்து உட்கார வேண்டும், இருட்டில் திருப்பி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு.

வீலைக் கழற்றியதும் அதைப் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள், வண்டிக்கு அடியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்கப் போடுங்கள். பழைய வீலைக் கழற்றும் வரை அங்கே ஸ்டெப்னி கிடக்கட்டும், மாற்றும்போது பழைய வீல் அந்த இடத்துக்குப் போகட்டும். ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர் மேல் விழும், கை கால் மேல் அல்ல. கையைத் தவிர எதையும் வண்டிக்கு அடியில் நீட்டாதீர்கள். மண் ஓரத்தில் தூக்க நேர்ந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை, ஒரு சாண் அகலம், இரண்டு விரல் தடிமன், பழைய கதவுச் சட்டத் துண்டு இருந்தால் அருமை.

வண்டி ஓடி 50 கி.மீ. ஆனதும் நட்டை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். அந்த இரவு மாட்டியதை இதுவரை பார்த்தீர்களா?

செங்கை_வாசி
இல்லை அண்ணே. இப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செங்கை_வாசி
பார்த்தேன். பின் வலது சக்கரத்தில் இரண்டு நட் கால் திருப்பு இறங்கியது. மனைவிதான் இறுக்கினார். மரக்கட்டை இரண்டு, பலகை ஒன்று, 60 சென்டிமீட்டர் பைப், மின்னும் ஜாக்கெட் ஒன்று, எல்லாம் ஒரு கோணிப்பையில் போட்டு டிக்கியிலேயே வைத்திருக்கிறோம். ஹேண்ட் பிரேக்குக்கு நாளைக் காலை பட்டறையில் நேரம் வாங்கிவிட்டேன்.